வருவீர்களா என்று மரிக்கா கேட்டாள்

போர் வரப்போகிறது என்றால் அதைத் தபாலில் அறிவிக்கும் நாடுகளும் உலகத்தில் உண்டு. லண்டன் எட்மண்டனில் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில், தேநீர் நேரத்தில், மரிக்கா தன் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். அவள் எஸ்தோனியாக்காரி. ஊரிலுள்ள தாய்க்கு அரசாங்கம் அனுப்பிய சிறு புத்தகம் அது. எத்தனை நாளுக்குத் தண்ணீர் சேர்ப்பது, டோர்ச் எங்கே வைப்பது, எந்தப் பக்கம் ஓடுவது எல்லாம் படம் போட்டிருந்தது. மற்றப் பெண்கள் சமையல் குறிப்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார்கள். நான் மட்டும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் ஊரில் இந்தக் கதையை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு முதல் ஷெல்தான் அறிவித்தல்.

ஆனால் எனக்குப் பயம் வந்தது வேறு காரணத்தால். என் மகள் அபிரா பல் வைத்தியரிடம் நேர்சாக இருக்கிறாள். சனி, ஞாயிறுகளில் இந்த நாட்டு இராணுவத்தின் தொண்டர் பிரிவில் மருத்துவ உதவியாளர். அதே எஸ்தோனியாவுக்கு, நேச நாட்டுப் படையோடு ஆறு மாதம் காவலுக்குப் போக விரும்புகிறவர்களைக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மா, நீங்கள் வேண்டாமெண்டால் நான் போகமாட்டன்" என்றாள். முடிவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள்.

"முட்டை பொரிக்கத் தெரியாதவ நாட்டைக் காக்கப் போறாவாம்" என்றார் என் கணவர். பிறகு அவர் குரல் மாறியது. "ஒரு நாட்டுக்கு அடிச்சால் எல்லா நாடும் போவினமாம். எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கினமாம். எங்களுக்கு அடிச்ச நேரம் எவன் வந்தவன்?"

"அப்பா, அடி விழ முதல் போய் நிக்கிறதுதான் பொயின்டே."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் கரட் வெட்டிக்கொண்டே மரிக்காவிடம், உங்கள் நாட்டில் பயமில்லையா என்று என்னுடைய ஆங்கிலத்தில் கேட்டேன். நான் விடுமுறைக்குப் போகப்போவதாக நினைத்துவிட்டாள். "பயமேயில்லை, ஜூனில் போ. நுளம்பு மட்டும் கடிக்கும்" என்று சிரித்தாள். மகள், ஆர்மி என்று இரண்டு சொல் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். தாயின் சமையலறை யன்னலால் ஆற்றுக்கு அப்பால் ரஷ்யா தெரியுமாம். லண்டனுக்கு வரச் சொன்னால் மாட்டேன் என்கிறாராம்.

"ஏதும் நடந்தால் வருவீர்கள்தானே? உண்மையாக வருவீர்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாட்டுக்காரியாக நினைத்து என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். "அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது" என்று சொல்லி விலகிப் போனேன்.

அன்று முழுவதும் பவளமக்காவின் நினைவு. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு பங்கர் வெட்டியிருந்தோம். சத்தம் கேட்டால் யார் தண்ணீர் கொண்டுவருவது, யார் ஆவணப் பையை எடுப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அடுத்த வீட்டுப் பவளமக்காவின் கணவர் வெளிநாட்டில். அக்காவுக்குக் கைக்குழந்தையும் மூன்று வயது மகளும். அந்த மூத்த பிள்ளையைத் தூக்கி வருவது என் பொறுப்பு. எனக்குப் பதினைந்து வயது. தலையாட்டினேன். இரண்டு தரம் ஒத்திகையும் பார்த்தோம். ஷெல் விழுந்த அன்று அவர் வீட்டுப் படலையைத் தாண்டித்தான் ஓடினேன், ஆனால் நிற்கவில்லை. அவர் இரண்டு பிள்ளைகளையும் தானே அணைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஷெல் துண்டு பட்ட அவருடைய முழங்கை அதற்குப் பிறகு நிமிரவேயில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

வியாழக்கிழமை பின்னேரம் இதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். கணவருக்கும் தெரியாத கதை. அபிரா என் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்குப் பதினஞ்சு வயசுதானே, அம்மா."

"ஓம். ஆனால் நான் வாறன் எண்டு சொன்னனான்."

அவளின் கையை நானும் இறுக்கிப் பிடித்தேன்.

"ஏலாதெண்டால் இப்பவே ஏலாதெண்டு சொல்லு, பிள்ளை. ஓமெண்டு சொன்னால் பிறகு நிக்கவேணும். நான் மறிக்கேல்லை."

கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். "அப்ப ரெண்டு சோடி கம்பளிச் சொக்ஸ் வாங்கவேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மரிக்காவிடம், "வருவோம்" என்றேன். சொன்ன பிறகு என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வழியனுப்பும் நாளில் இராணுவ முகாமின் கார் நிறுத்துமிடத்தில் குடும்பங்கள் கூடி நின்றோம். ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்கும் ஒரு சிறு கொடி தந்தாள். கட்டடத்தின் மூலையால், ஊரில் இராணுவம் வரும்போது கேட்கிற அதே சப்பாத்துச் சத்தம் வந்தது. பிறகு சீருடைகள் வரிசையாக வந்தன. மூன்றாவதாக என் மகள். கண்களால் என்னைத் தேடினாள். கொடி பிடித்த கையை மற்றவர்களைவிட உயரத் தூக்கியிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டபோதே கால்கள் என்னை ஒரு காருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தன.