வாத்தியார் மாற்றிய முடிவு

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வீட்டில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். அத்தை மட்டும் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றபடி கேட்பார். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. வானொலியில் பழைய ராஜா ராணிக் கதைகளைப் புதுவிதமாக மாற்றி வாராவாரம் நாடகமாகப் போட்டார்கள். அவற்றை எழுதி அனுப்பியவர் எங்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுவந்த தமிழ்ப்பள்ளி வாத்தியார். அந்தப் பெருமையில் அப்பா ரேடியோவைத் தெருவுக்கே கேட்கும்படி அலறவிடுவார்.

இப்போது என் மகள் தொலைக்காட்சியில் அதே மாதிரி ஒரு தொடரை விடாமல் பார்க்கிறாள். தேவதைக் கதைகளையெல்லாம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இளவரசி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கதவை உதைத்துத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறாள். "சூப்பர்லாம்மா, வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறாள். போய்ப் பார்க்கிறேன். பொய் சொல்வானேன், பிடிக்கத்தான் செய்கிறது. பார்த்து முடித்ததும் வயிறு எரிகிறது. அவள் கதவைத் தாண்டியதோடு பாட்டைப் போட்டு முடித்துவிடுகிறார்களே, மறுநாள் காலையில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தராவது காட்ட வேண்டாமா?

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான மறு வருடமே அவர் புருஷன், "ஊருக்குப் போய் அம்மாவப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று இந்தியாவுக்குக் கப்பலேறினார். போனவர் போனவர்தான். அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று கப்பலில் வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அத்தை கழுத்தில் மஞ்சள் கயிறும் நெற்றியில் குங்குமமுமாக எங்களோடு இருந்துவிட்டார். சமைப்பார், துவைப்பார், நாங்கள் சாப்பிட்டு முடித்தால் கதை சொல்வார். நடுக்கடல் கோட்டையில் ஓர் இளவரசி. வேட்டைக்குப் போன இளவரசன் போட்டுவிட்டுப் போன மோதிரத்தைப் பார்த்துப் பார்த்துக் காத்திருப்பாள். கடைசியில் அவன் வந்துவிடுவான். அத்தை சொல்லி அவன் வராமல் போனதே இல்லை.

வாத்தியாரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்து கேட்பார். அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை அக்கா என்பார். அத்தையை மட்டும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க, கொஞ்சம் ரசம்." "ஏங்க, அப்புறம் அந்த இளவரசி என்ன ஆனா?" இப்படித்தான். நம் ஜனங்களிடத்தில், ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு ஓர் ஆம்பளை ஒரு பொம்பளையை அக்கா என்றோ தங்கச்சி என்றோ சொல்லாமல் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பத்து வயது எனக்கே தெரிந்தது. அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்தக் கதையைத்தான் அவர் வானொலிக்கு எழுதினார். "நாடு புதுசுண்ணே, கதையும் புதுசா இருக்கணும்" என்று அப்பாவிடம் சொன்னார். ஒலிபரப்பான அன்று பக்கத்து வீட்டுச் செட்டி அக்காவும் வந்திருந்தார். சாமி கும்பிடுவதில் அவர் எங்களைவிட ஒரு படி மேல். ஆனால் தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் மலாக்காச் செட்டிகளுக்குத் தமிழ் வராது. அதனால் அத்தை அவருக்கு மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். நாடகத்தில் புதிதாக ஒரு படகோட்டி வந்தான். தினமும் இளவரசி கையால் சாப்பிடுவான், அவள் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டுப் போவான். கடைசியில் இளவரசி மோதிரத்தைக் கழற்றிக் கடலில் வீசிவிட்டு அவன் படகில் ஏறினாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். "டியா ஈக்குட் சியாப்பா?" என்றார் செட்டி அக்கா, யாரோடு போனாள் என்று. அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்த வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சிரித்தார்.

மறுநாள் காலை தோசை வைக்க வந்த அத்தையின் கழுத்து வெறுமையாக இருந்தது. தாலியை அவிழ்த்துச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு வந்திருந்தார். புருஷன் உயிரோடு இருக்கும்போது, தன் கையாலேயே! அம்மா மாரில் அடித்துக்கொண்டார். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அப்படிப் பயந்த முகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"என்ன அக்கா இது? அது நாடகம்தானே!"

அதுதான் அவர் அத்தையை முதல் தடவையாக அக்கா என்றது. அத்தை தோசைத் தட்டோடு அங்கேயே நின்றார். அந்த வாரமே வாத்தியார் பண்டார் ஹிலிர் பக்கம் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் இன்னோர் இளவரசியை விடுதலை செய்தார். வீராதி வீரர்! கூட்டம் போட்டு மாலை மரியாதை செய்தார்கள். பிறகு ஜாதகம் பார்த்து, பெரியவர்கள் காட்டிய பெண்ணுக்கு ஒழுங்காகத் தாலியும் கட்டினார்.

அப்பா ஏசியும் அம்மா கெஞ்சியும் அத்தை அந்தத் தாலியைத் திரும்பத் தொடவில்லை. "யாருக்காகக் கழட்டுனேனோ, அது வேற கத. கழட்டுனது கழட்டுனதுதான் அண்ணி" என்றார். அதன்பின் விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு அவரைத் தாண்டியே போயிற்று. சுமங்கலியிலும் சேர்த்தியில்லை, விதவையிலும் சேர்த்தியில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. வாத்தியார் எழுதிய முடிவு சரியான முடிவு என்று இன்றைக்கும் யாரோடும் சண்டை போடுவேன். கப்பலேறிப் போன அந்த ஆளுக்காக அத்தை ஒரு நாள்கூடக் காத்திருந்திருக்கக் கூடாது. ஆனால் படகில் ஏறு என்று கூப்பிட்டவன், அவள் கால் வைத்ததும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினானே, அந்தக் கதையை எந்த நாடகத்தில் போடுவது?

சில வருடம் கழித்து அத்தையின் புருஷன் ஊரில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. தெருப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். அவர்களில் மூத்த பெரியம்மா, "கழுத்துல ஒண்ணும் இல்லாம எதடி அறுக்கறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். புதுக் கயிற்றில் மஞ்சள் தடவி, ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து எடுத்து வந்தார்கள். அறுப்பதற்கென்றே ஒரு தாலி. "வேணாம்னு சொல்லுங்க அத்தை" என்று நான் கத்தினேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து கொடுத்தார்.

"நல்லா இறுக்கி முடிங்க பெரியம்மா. போன முடிச்சு என் கையிலயே அவுந்துருச்சு."

கட்டினார்கள். அறுத்தார்கள். அழவில்லையே என்று அதற்கும் ஏசினார்கள்.