எஞ்சினுக்கு மூச்சு விட வழி செய்தவர்

பம்பாய்த் தாராவியில் முறுக்குச் சுடும் வீடுகளுக்கெல்லாம் மாவு அரைத்துக் கொடுத்தவர் முப்பிடாதியம்மாள். புருஷன் பூலோகத்துக்கு அம்பர்நாத்தில் ஆலை வேலை; ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் வீட்டில் இருப்பார். ஆகவே மாவு மில்லும் அதை ஓட்டிய பழைய டீசல் எஞ்சினும் இந்த அம்மாள் பொறுப்பு.

அறுபத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில் ஒரு காலை, அடுத்த சந்துப் பிச்சம்மாள் ஒரு டப்பா முறுக்கோடு வந்து நின்றாள்.

"மைனி, ஒண்ணு எடுத்து வாயில போடுங்க."

கடித்ததும் தெரிந்தது, எஞ்சின் எண்ணெய் நெடி.

"மாவுலயே இருக்கு. கடைக்காரன் அம்புட்டையும் வாபஸ் அனுப்பிட்டான்."

முப்பிடாதியம்மாள் பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய் எஞ்சின் முன் உட்கார்ந்தார். புகைக் குழாய் கூரைக்கு மேலே ஒழுங்காகத்தான் போயிருந்தது. ஆனால் எஞ்சினின் வயிற்றுப் பக்கம் இன்னொரு சின்னக் குழாய். அதிலிருந்து புஸ் புஸ்ஸென்று மங்கலாக ஓர் ஆவி. கையை நீட்டினார். உள்ளங்கை பிசுபிசுத்தது. அதே பிசுக்கு பலகையிலும், பலகை இடுக்கைத் தாண்டி மாவுப் பெட்டியின் விளிம்பிலும் படிந்திருந்தது.

ஒரு மரக்கட்டையைச் சீவிக் குழாயில் அடித்து இறுக்கினார். மத்தியானம் வரை மாவில் நெடி இல்லை. அப்புறம் சக்கரத் தண்டின் ஓரமாக எண்ணெய் கொப்பளித்து, பெல்ட் வழுக்கி, மில் நின்றுபோனது.

மாட்டுங்காவில் பட்டறை வைத்திருந்த மேலப்பாளையத்துக்காரர் முகைதீன் வந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"மூக்கைப் பொத்திட்டீங்களே அக்கா! பிஸ்டனைச் சுத்தி மாட்டுன ரிங் எவ்வளவு இறுக்கமா இருந்தாலும், மேல வெடிக்கிற காத்துல கொஞ்சம் பிஸ்டன் ஓரமா கீழ இறங்கத்தான் செய்யும். அது வெளிய போறதுக்குத்தான் இந்தக் குழாய். அடைச்சா, தண்டு ஓரத்துல இருக்கிற ஆயில் சீலைப் பிச்சுக்கிட்டு எண்ணெயைத் தள்ளிரும்."

"காத்து போவட்டும் பாய். எண்ணெயையும் ஏன் கூட்டிட்டுப் போவுது?"

"உள்ள சுத்துற வேகத்துல எண்ணெய் தூறலாப் பறக்கும். காத்து அதையும் அள்ளிட்டு வருது."

குழாயை நீட்டிச் சந்துக்குள் விட்டுவிடலாம் என்றார் முகைதீன். அந்தப் பக்கம் பிச்சம்மாளின் ஜன்னல்.

"நம்ம நாத்தத்தை அவ அடுப்படியில கொண்டு விடவா? வேண்டாம்."

மறுநாள் இட்லிக் கொப்பரையைத் திறந்தபோது மூடியிலிருந்து நீர் சொட்டியது. இட்லியை எடுக்க மறந்து மூடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், நேரே பட்டறைக்கு நடந்தார். "அந்த ஆவியைக் குளுந்த தகரத்துல முட்ட விட்டா என்ன, பாய்?"

அன்றே பட்டறையில் இருவருமாகச் செய்தார்கள்: காலி வனஸ்பதி டின் ஒன்றில் பக்கவாட்டில் ஆவி நுழைய ஒரு குழாய், மேலே கூரைக்கு ஒரு குழாய், அடியில் எண்ணெய் வடிய ஒரு குட்டிப் பைப். உள்ளே லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள். அகலமான டின்னுக்குள் வந்ததும் ஆவியின் வேகம் தணியும். சுருளில் மோதி எண்ணெய் துளியாகிக் கீழே சொட்டும். காற்று மட்டும் மேலே போகும். முதல் நாள் சுருளைத் திணித்து அடைத்ததில் சீல் மறுபடி ஒழுகியது. "இதுவும் மூக்கைப் பொத்துறதுதான்" என்று முப்பிடாதியம்மாளே பாதியை உருவிப் போட்டார். அதன் பிறகு மாவில் நெடியே இல்லை.

வாரக் கடைசியில் குட்டிப் பைப்பின் கீழே அரை டம்ளர் எண்ணெய் சேர்ந்திருந்தது. அதை முகைதீன் எஞ்சினிலேயே ஊற்றப் போனார். முப்பிடாதியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோர் மாதிரில்லா வெளுத்துக் கெடக்கு! தண்ணி கலந்திருக்கு பாய்."

முகைதீன் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையாட்டிக் கீழே வைத்தார்.

வாரத்துக்கு அரை டம்ளர் என்ற கணக்கு அடுத்த கோடை வரை மாறவில்லை. திடீரென்று இரண்டே நாளில் ஒரு டம்ளர் நிறைந்தது. எஞ்சின் சத்தத்தில் மாற்றமில்லை, இழுவையிலும் குறைவில்லை. ஆனாலும் அவர் மில்லை நிறுத்திவிட்டு முகைதீனுக்கு ஆள் அனுப்பினார்.

"எண்ணெய் இப்படிக் கூடுதுன்னா காத்து அதிகமா கீழ இறங்குது. ரிங் போயிருச்சு. கழட்டிப் பாருங்க."

"நல்லா ஓடுற எஞ்சினைக் கழட்டச் சொல்லுறீங்களே!" என்று முனகிக்கொண்டே கழற்றினார் முகைதீன். ஒரு ரிங் இரண்டாக உடைந்திருந்தது. இன்னும் பத்து நாள் ஓடியிருந்தால் சிலிண்டர் கீறி, எஞ்சினே போயிருக்கும். முகைதீன் உடைந்த துண்டைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, டிராம்பேல ஒரு பம்பு செட்டு. ரெண்டு பேர் பாத்தாச்சு, நானும் பாத்தாச்சு. எண்ணெய் ஒழுகுறது நிக்கல. நீங்க ஒருதரம் வரணும்."

"நான் வந்து என்ன செய்ய?"

"சும்மா பாருங்க. அது போதும்."

புது ரிங் மாட்டி எஞ்சின் ஓடத் தொடங்கிய மறுநாள் மில்லைப் பூட்டிச் சாவியைப் பிச்சம்மாளிடம் கொடுத்துவிட்டு, முப்பிடாதியம்மாள் முகைதீனோடு டிராம்பே பஸ் ஏறினார். உட்கார்ந்ததும் கேட்டார்:

"எந்தப் பக்கமா ஒழுகுது, பாய்?"