கம்பெனி வாசலில் என் செல்லப்பெயர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுகிறேன். அங்கே எனக்கு அடையாள அட்டையில் உள்ள பெயர்தான். என் வீட்டுக்காரர் கூப்பிடும் செல்லப்பெயர் வேறு. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மகளுக்குப் பிரசவ வலி வந்த அன்று, போனை உள்ளே விடாததால், சேதி தெரியாமல் தவித்தேன். இவர் வாசலுக்கே வந்து செல்லப்பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார்.

"அப்படி யாரும் இங்க இல்ல பெரியவரே" என்றார் செக்யூரிட்டி.

உடனே கம்பி வழியாக அந்தப் பெயரையே கத்தி, "பேத்தி பொறந்துகீதுமே! ரெண்டு பேரும் நல்லாகீறாங்க!" என்றார்.

கேன்டீன் வரை கேட்டது, மாவுக் கையோடு ஓடினேன். ஷிப்டு பஸ்ஸுக்கு நின்ற பெண்களெல்லாம் கைதட்டினார்கள். இப்போது அவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தட்டை நீட்டுகிறார்கள். வெட்கத்தோடு ஒரு சப்பாத்தி கூடுதலாகவே வைக்கிறேன்.

இவர் ஒரு தடவைதான் கத்தினேன் என்கிறார். பெண்கள் இல்லவே இல்லை, பல தடவை என்கிறார்கள். அங்கிருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.