பால்கனிக் கதவில் போட்ட பூட்டு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மேனேஜர், ஆபரேட்டர், கேன்டீன் நடத்திய அம்மா, டிக்கெட் கிழிக்கிற நான், படம் பார்க்க வந்த ஒன்பது பேர். ஆக மொத்தம் பதிமூன்று. இப்போது சரியாகச் சொல்கிறேன். அன்றைக்குத்தான் எண்ணாமல் விட்டேன்.

இரண்டு வருடம் முன்பு, சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறு வாரம். ஆனையூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த பழைய தியேட்டரின் கடைசிக் காட்சி, பகல் பதினொரு மணி ஆட்டம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தவன் நான். நான் பார்க்கவே அது மூன்று முறை மூடித் திறந்தது. ஒரு தடவை பங்காளிச் சண்டை. ஒரு தடவை கூட்டமில்லாமல் மூடி, இரண்டு வருடம் வெங்காய குடோனாகக் கிடந்து, புது சவுண்டு பெட்டிகளோடு திறந்தார்கள். அப்புறம் கொரோனா. அதற்குப் பிறகு ஜனங்கள் திரும்பவே இல்லை. இந்த முறை இடத்தையே விற்றாகிவிட்டது.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் திரைக்கு முன்னால் சூடம் காட்டுவோம். மூடும்போது காட்டியதில்லை. ஆபரேட்டர்தான் பிடிவாதம் பிடித்தார். "தொறக்கும்போது காமிச்சோம்ல மாப்ள, போகும்போதும் காமிச்சிருவோம்."

படம் முடிந்ததும் திரைக்குக் கீழே சூடம் ஏற்றினார். எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. திரையில் தீப்பிடித்து, கடைசி நாளில் கேஸாகிவிடுமோ என்று பயம். வாளித் தண்ணீரோடு அது அணையும்வரை நின்றேன்.

"அந்த ஒத்தச் சூடத்துக்கு தீயணைப்பு வண்டியவும் கூப்பிடுங்கண்ணே" என்று கேன்டீன் அம்மா சிரித்தார்.

ஆட்டம் முடிந்ததும் டார்ச்சோடு வரிசை வரிசையாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி அனுப்புவது என் வேலை. மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள் பகல் ஆட்டத்துக்குத் தூங்கவே வருவார்கள். அன்று சூடத்தைக் காவல் காத்ததில் பால்கனிக்குப் போக மறந்துவிட்டேன். மேனேஜர் மெயினை அணைத்தார். பழைய இரும்புக்கு எதையாவது பெயர்த்துப் போய்விடுவார்கள் என்று எல்லாக் கதவுக்கும் வெளியே புதுப் பூட்டு. ஒவ்வொன்றையும் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். மேனேஜர் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு பைக்கில் போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் மனசு உறுத்தியது. வாசலைத் தாண்டிப் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எட்டுப் பேர்தான் வந்தார்கள். பால்கனி மூலையில் துண்டை விரித்துப் படுக்கிற மார்க்கெட் ஆள் வரவே இல்லை.

ஓடினேன். பால்கனிக்குப் போகும் பக்கவாட்டு இரும்புப்படியில் ஏறும்போதே கதவைத் தட்டுகிற சத்தம்.

"யாருண்ணே அங்க? தொறங்கண்ணே. ஒரே இருட்டா இருக்கு, மூச்சு முட்டுது."

மேலே தகரக் கூரை. சித்திரை வெயில். மேனேஜருக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பூட்டை உடைக்கலாம்தான். ஆனால் விற்றுவிட்ட இடம். நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் திருட்டுப் பழி என் மேல்தானே விழும்? "இருங்க, சாவி வருது" என்று பொய் சொன்னேன். இருபது நிமிடம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே போன் அடித்தேன். அதற்குள் எப்போதோ தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அப்போதும் நான் ஒரு கல்லை எடுக்கவில்லை.

படிக்குக் கீழே விட்டுப்போன அடுப்பை எடுக்க, கேன்டீன் அம்மா ஆட்டோவில் திரும்பி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சாவி எப்ப வாரது? அதுக்குள்ள உள்ள இருக்க ஆளு போயிருவாருண்ணே. நகருங்க!"

ஆட்டோக்காரரின் ஜாக்கி ராடை வாங்கி வந்து நாலு போடு போட்டார். பூட்டு தெறித்தது.

அந்த மனிதர் கதவை ஒட்டிச் சுருண்டு கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. நிழலுக்குத் தூக்கி வந்து தண்ணீர் தெளித்தோம். கண் திறக்க வெகுநேரமானது. இரண்டு மடக்கு சோடா உள்ளே போனதும் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"சாவி வருதுன்னு சொன்னீங்கள்ல, அதான் தட்டுறத விட்டுட்டேண்ணே."



சாயங்காலம் மேனேஜர் வந்தார். பூட்டுக்கு யார் காசு தருவது என்றுதான் முதலில் கேட்டார். நான் சட்டைப்பையைத் தடவுவதற்குள் கேன்டீன் அம்மா நோட்டை எடுத்து நீட்டிவிட்டார்.

இப்போது நான் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். அங்கேயும் பூட்டுகளை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறேன். அந்த அம்மா அழகர்கோவில் ரோட்டில் இட்லிக்கடை போட்டிருக்கிறார். பூட்டுக் காசைக் கொண்டுபோய் நீட்டும்போதெல்லாம், "இருக்கட்டும்ணே, அடுத்த தியேட்டரு தொறக்கும்போது டிக்கெட்டா கழிச்சுக்கிறேன்" என்கிறார். நானும் அதிகம் வற்புறுத்துவதில்லை. அதைக் கொடுத்துத் தீர்த்துவிட்டால், கதவுக்கு இந்தப் பக்கம் நான் சும்மா நின்ற இருபது நிமிடமும் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேனோ என்ற பயத்தில், இன்றுவரை பாக்கியாகவே வைத்திருக்கிறேன், நானூற்று ஐம்பது ரூபாய்.