மொட்டைமாடியில் ஒரு விமான எஞ்சின்

எங்கள் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. பெண் குழந்தை. கடலூரில் என் கணவர் ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துணியில் சுற்றித்தான் அவர் கையில் கொடுத்தார்கள். அதன்பிறகு அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான். அழவும் இல்லை. எனக்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தது. அதைக்கூட அவரிடம் சொல்ல முடியவில்லை.

சிதம்பரத்தில் இருக்கும் என் தம்பிதான் அந்த எஞ்சினைக் கொண்டுவந்தான். கல்லூரியில் அவனும் இவரும் சேர்ந்து சின்ன விமானங்கள் செய்து பறக்கவிட்ட காலத்தில் வாங்கியது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பாட்டில் எரிபொருளும் கொடுத்துவிட்டுப் போனான். இவர் அதை ஒரு பலகையில் முடுக்கி மொட்டைமாடியில் வைத்தார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் மாடிதான்.

இப்போது பட்டனை அழுத்தினால் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் கிடைக்கிறதாம். தம்பி வாங்கித் தருகிறேன் என்றதற்கு இவர் வேண்டாமென்று தலையாட்டினார். பழைய முறைதான். காற்றுத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றினால் எரிபொருள் உள்ளே ஏறும். பிளக்கில் பேட்டரியைக் கொடுத்தால் அதிலுள்ள கம்பி சிவக்கும். பிறகு விசிறியை விரலால் சுண்டிவிட்டு அதே வேகத்தில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் கிழியும். பயந்தவர்கள் ரப்பர் குழாய் மாட்டிய குச்சியால் தட்டுவார்கள், கயிறு சுற்றி இழுத்தவர்களும் உண்டு என்று தம்பி சொன்னான்.

என் பயம் விரலைப் பற்றியதல்ல. பாட்டிலில் இருந்தது மெத்தனாலும் விளக்கெண்ணெயும். கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மெத்தனால் என்ன செய்யும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாய் திறக்காத மனிதரின் கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்தது. தம்பிக்குப் போன் செய்து, அதை எடுத்துக்கொண்டு போய்விடு என்று கெஞ்சினேன்.

"அதையும் புடுங்கிட்டா மாமா வேற என்னக்கா செய்வாரு?" என்றான்.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து நானும் மாடிக்குப் போக ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அவர் கையை நீட்டுவார், கொடுப்பேன். ஊற்றிவிட்டுத் திருப்பித் தருவார். எஞ்சின் ஒரு நாளும் ஓடவில்லை. சமயத்தில் ஒரு முறை இருமும், நின்றுவிடும்.

மழை மூட்டமாக இருந்த ஒரு சாயங்காலம் அது திருப்பி உதைத்தது. ஆள்காட்டி விரல் பிளந்து பலகையெல்லாம் ரத்தம். அவர் சட்டையில் துடைத்துவிட்டு நடுவிரலால் சுண்டப் போனார்.

"போதுங்க," என்று கையைப் பிடித்தேன். உதறினார்.

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ தெரியாது. துப்பட்டாவால் அவர் விரலை இறுகக் கட்டிவிட்டு, அவரைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். சுண்டினேன். ஓடவில்லை. விரல் வீங்கும்வரை சுண்டினேன். அவர் இடது கையாலேயே பிளக்கைக் கழற்றி, ஊதித் துடைத்து, மறுபடி மாட்டிக் கொடுத்தார். மறுபடியும் சுண்டினேன்.

பிடித்துக்கொண்டது. காது கிழியும் சத்தம். பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முகத்தில் எண்ணெய்த் துளிகள் தெறித்தன. அந்தச் சத்தத்துக்குள் அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன என்று கேட்டேன். எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றபிறகு மறுபடி கேட்டார்.

"பாப்பா அழுதுச்சா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"அழுதுச்சு. ஒரு தடவ, சன்னமா. நான் கேட்டேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

விரலுக்குத் தையல் போடவேண்டியிருந்தது. ஷேர் ஆட்டோவில் போகும்போது, பாப்பா கண்ணைத் திறந்ததா என்று கேட்டார். திறந்தது என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றுதான் சொன்னேன். விரல் எல்லாம் எப்படி இருந்தது, கனமாக இருந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.