புளி போட்டுத் தேய்த்த ஐந்து ரூபாய்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் மீதிச் சில்லறையாக அந்தக் காசு வந்தது. கறுத்துப்போன மஞ்சள் நிற ஐந்து ரூபாய். விளிம்பில் எலி கடித்த மாதிரி பிறை வடிவத்தில் ஒரு துண்டு இல்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்ணாடியில் கவனித்த ஓட்டுநர், "இன்னா சார், கட் ஆயிகீதா? குடு, வேற தரேன்" என்றார்.

"வேணாங்க, இதுவே இருக்கட்டும்."

"செல்லாத காச ஆசையா வாங்கிக்கிறாரு பாரு நைனா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தேன். நாணயச்சாலையில் தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது, முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழுந்தால் இப்படிப் பிறை விழும். அப்படி விழுந்த காசில், பிறைக்கு நேர் எதிர் விளிம்பும் சப்பையாக இருக்கும். சேகரிப்பவர்களை ஏமாற்ற அரம் போட்டுப் பிறை ராவுகிறவன் எதிர்ப்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. என் காசில் எதிர்ப்பக்கம் சப்பை. அசல் பிழை.

அம்பத்தூர் நாணயச் சங்கத்தில் நான் மூன்று வருட உறுப்பினர். சந்தா கட்டுவேன், நாற்காலி போடுவேன், பஜ்ஜி சாப்பிடுவேன். வருடாந்தரக் கண்காட்சி மேசையில் என் பெயரில் ஒரு காசும் இருந்ததில்லை. இந்த வருடம் இந்தப் பிழைக் காசுக்கு ஓர் இடம் கிடைத்தது.

கண்காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மனைவி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுத்துக் கிடந்த பித்தளை தகதகவென்று வந்தது. நாணயங்களைப் பற்றிப் பதினோரு புத்தகம் படித்தவன் நான். காசைக் கழுவாதே என்று பதினொன்றிலும் இருக்கிறது. ஆனால் விருந்தாளி வருவதற்குள் வீட்டுப் பித்தளை மின்ன வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்தா தெரிந்துகொண்டோம்? காசோடு அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன்.

"விளக்கு தேய்க்கக் கூப்பிட்டா இடுப்பு வலி. அஞ்சு ரூபாய்க்கு மட்டும் இடுப்பு வளையுதோ?" என்றாள்.

காசு கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

கண்காட்சியன்று காலை, சங்கச் செயலாளர் அதை லென்ஸில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "புளியா சார்?"

"புளிதான்."

"மேல முழுக்கக் கீறல். இனி இது சேதக் கணக்கு. பிழைக் கணக்குல வைக்க முடியாது."

நாணயச்சாலைக்காரன் தப்பு செய்தால் கண்ணாடிப் பெட்டி. அந்தச் சாலையின் வாசலுக்கு வெளியே நான் செய்தால் சேதம். இதைச் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேக வச்ச முட்டையோட ஒரு டப்பாவுல மூடி வையுங்க. முட்டையோட ஆவி பட்டு நாளைக்குள்ள பழைய கறுப்பு வந்துடும். ரெண்டாம் நாள் வச்சிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

மூன்று வருட ஆசை ஒரு முட்டை தூரத்தில் நின்றது. சபலம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் காசைப் பற்றி நான் சொன்ன எல்லாமே உண்மை. அரம் படவில்லை என்பது உண்மை, புளி பட்டதும் உண்மை. ஒன்றை மறைத்தால் இன்னொன்றை யார் நம்புவார்கள்?

"தேய்த்ததுன்னு எழுதி வைக்கிறேன்."

"சேதமான காசு வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு சார்."

"காசு இல்லாம வெறும் அட்டை வைக்கக் கூடாதுன்னு இருக்கா?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை.

காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் இடத்தில் அட்டையை மட்டும் வைத்தேன்: 'ஐந்து ரூபாய். வில்லை வெட்டும்போது நேர்ந்த பிழை, அசல். புளியால் தேய்க்கப்பட்டதால் அனுமதி இல்லை. தேய்த்தவர்: உரிமையாளர்.' கீழே என் பெயர்.

மதியத்துக்குள் அந்த வெற்று இடத்தின் முன்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஓர் அம்மாள் கணவரின் முழங்கையை இடித்து, "பாருங்க, ஒருத்தராவது ஒத்துக்கிறாரு" என்றாள். செயலாளர் என்னிடம் வந்து, அட்டையை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"நாளைக்கும் இருக்கும்" என்றேன்.