சித்தப்பாவுக்கு பிரஷர் கன்ட்ரோல்ல இருக்கு

எங்க சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். மீசை முளைச்ச நாள்லேர்ந்து லிஃப்ட் பெட்டி மேல உக்காந்து, கிரீஸும் கையுமா மேலயும் கீழயும் போய்ட்டு வந்தவரு. ஊர்ல பாதிப் பேரை மேல ஏத்திவிட்டவரு. குடியிருக்கிறது மட்டும் லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. காலேஜ் பக்கம்னு நானும் அங்கதான் தங்கியிருக்கேன்.

போன வருஷம் அவருக்கு பிரஷர்னு தெரிஞ்சுது. ஆஸ்பத்திரில மாத்திரையைக் குடுத்து, போன் நம்பரையும் வாங்கிக்கிட்டாங்க. தினம் காலைல ஒரு கால் வரும். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின மாதிரி ஒரு பொம்பளைக் குரல்: "வணக்கம். இன்று மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா? ஆம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்." அழுத்தலன்னா வீட்ல இன்னொருத்தருக்கு மெசேஜ் போயிடும். சித்தப்பா குடுத்திருந்தது சித்தி நம்பர்.

அந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வரும். லிஃப்ட் மேல உக்காந்துக்கிட்டு எங்க போறது? அதனால வேலை நாள்ல மாத்திரைக்கு லீவு விட்டுட்டாரு. பொய்யா ஒண்ணை அழுத்தவும் மனசு வரல. முதல் நாளே போனை கட் பண்ணிட்டு வேலைக்குப் போயிட்டாரு.

சித்தி பை தைக்கிற கம்பெனில இருக்காங்க. மெசேஜைப் பாத்ததும் மிஷினை நிறுத்திட்டு அவருக்குப் போன் போட்டிருக்காங்க. எடுக்கல. பயந்துபோய் அவர் சூப்பர்வைசருக்குப் போட்டாங்க. அதுதான் வினை.

அந்த சூப்பர்வைசருக்கு மூக்குலதான் பேச்சு. லிஃப்ட் போற கூண்டுக்குள்ள தலையை விட்டு எல்லாரும் கேக்க, "என்னப்பா, மாத்திரை போடலையாமே? வீட்லேர்ந்து போன் வருது. பிரஷரை வச்சுக்கிட்டா மேல ஏறின? நீ விழுந்தா நான்ல பதில் சொல்லணும், இறங்குப்பா"ன்னாரு. அன்னிக்கு இறங்கினவருதான். இப்ப ஆபீஸ்ல உக்காந்து கம்ப்ளெய்ன்ட் போன் எடுக்கிறாரு. கூட வேலை பாத்தவங்க அவருக்கு வச்ச பேரு 'மாத்திரை'.

வீட்டுக்கு வந்து சித்தியைப் பாத்து, "சந்தோஷமா?"ன்னு கேட்டாரு. அதோட சரி. அப்புறம் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் என் வழியாத்தான். சித்தி எதிர்ல நிக்கும்போதே, "சட்டைல பட்டன் இல்லன்னு சொல்லு உங்க சித்திகிட்ட"ம்பாரு. நானும் அவரை மாதிரியே தொண்டையைச் செருமி, பாதி வார்த்தையை முழுங்கி, பேசிக் காட்டுவேன். சித்தி சிரிச்சுடுவாங்க. சிரிச்சுட்டு, "எந்தச் சட்டைங்க?"ன்னு நேரா அவரைக் கேப்பாங்க. பதில் வராதுன்னு தெரியும். ஆனாலும் நேராத்தான் கேப்பாங்க. என்னிக்காவது வாய் திறக்கமாட்டாரான்னு.

மாத்திரையை மட்டும் இப்ப அவர் விடறதே இல்ல. உடம்புக்காக இல்ல. சித்திக்கு இன்னொரு மெசேஜ் போகக் கூடாது, அவ்வளவுதான். வீம்புல பிரஷர் இறங்கின ஒரே ஆள் இவராத்தான் இருக்கணும்.

செக்கப்புக்கு என்னைத்தான் கூட்டிட்டுப் போனாரு. நர்ஸக்கா கைல சுத்தின பட்டையைக் கழட்டிட்டு, "சூப்பர் சார், எல்லாருக்கும் இப்படி இறங்கினா எங்களுக்கு வேலையே இல்ல. நாலு வார்த்தை பேசுங்க, மத்த பேஷண்ட்டுகளுக்கு போன்ல போட்டுக் காட்டறோம். வீட்ல யாரு உதவினாங்கன்னு சொல்லுங்க"ன்னாங்க.

ரெக்கார்ட் பண்ண நர்ஸக்கா நீட்டின போனை சித்தப்பா வாங்கினாரு. "எல்லாம் என் வீட்டுக்காரிதாங்க. அவ இல்லன்னா நான் எப்பவோ சாஞ்சிருப்பேன். வீட்ல இருக்கறவங்ககிட்ட மனசு விட்டுப் பேசுங்க. பிரஷர் தானா இறங்கும்."

அவ்வளவு பதமா. அந்தக் குரல் எனக்குத் தெரியும். லீவு நாள்ல சில கம்ப்ளெய்ன்ட் கால் அவர் செல்லுக்கே வரும். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு அழறவங்ககிட்ட, "பயப்படாதீங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்"னு பேசுவாரே, அதே குரல்.

பஸ்ல கேட்டேன். "இதை வீட்ல சொல்லலாமே சித்தப்பா?"

"அவங்க கேட்டாங்க, சொன்னேன்."

ரெண்டு வாரம் கழிச்சு, காலைல சித்தி போன் அடிச்சுது. ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டு ஆளுங்களுக்கும் அந்தப் பேச்சை அனுப்பியிருக்காங்க. பாத்திரம் கழுவின கையோட ஸ்பீக்கர்ல போட்டாங்க. முழுசா கேட்டுட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"அவர் குரல்ல இந்த விளையாட்டு மட்டும் வேணாம்டி."

"நான் இல்ல சித்தி. அவரேதான்."

'மீண்டும் கேட்க ஒன்பதை அழுத்தவும்'னுச்சு இஸ்திரிக் குரல். சித்தி ஈர விரலால அழுத்தினாங்க. வாசல்கிட்ட சித்தப்பா ஷூ மாட்டிட்டிருந்தாரு. சமையல் ரூம்லேர்ந்து அவர் குரலே "மனசு விட்டுப் பேசுங்க"ங்குது. அவரு கட்டின லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாரு.

"இது நீங்கதானே?"ன்னு கேட்டுக்கிட்டே சித்தி வெளிய வந்தாங்க. கதவு சாத்தற சத்தம்தான் பதில்.

சித்தி அன்னிக்கு வேலைக்குப் போகல. மத்தியானம் என் போனை வாங்கி, லிஃப்ட் கம்பெனி கம்ப்ளெய்ன்ட் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கர்ல 'ஹலோ'ன்னாங்க. எடுத்தது சித்தப்பாதான்.

"சொல்லுங்கம்மா. யாராவது உள்ள மாட்டியிருக்காங்களா?"

"ஆமாங்க."

"பயப்படாதீங்க. எத்தனாவது மாடி?"

"மூணாவது மாடி. லிஃப்ட் இல்லாத வீடு."

அந்தப் பக்கம் ஆபீஸ்ல எங்கேயோ இன்னொரு போன் அடிச்சு ஓஞ்சுது.

"நான் லைன்லயே இருக்கேங்க"ன்னாங்க சித்தி.

வச்சுட்டாரு.

சாயங்காலம் வந்தாரு. சித்தி அவர் சட்டைக்குப் பட்டன் தைச்சிட்டிருந்தாங்க. ஷூவைக் கழட்டாமயே என்கிட்ட, "ஆபீஸ் லைன்ல கூப்பிட வேணாம்னு சொல்லு உங்க சித்திகிட்ட"ன்னாரு.

எனக்கு அவர் மாதிரி பேசிக் காட்ட வாய் வரல. சித்தி நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாங்க. சட்டையை மடிச்சாங்க. அவரைப் பாக்கல. முதல் தடவையா என்னைப் பாத்துச் சொன்னாங்க.

"சரின்னு சொல்லு, உங்க சித்தப்பாகிட்ட."